கடைசிப் பக்கத்து அம்புகள்

புத்தகத்தில் மொத்தம் இருபத்து மூன்று அம்புகள் இருந்தன. இளங்கோ மறுபடி எண்ணினான். இருபத்து நான்கு. கடைசிப் பக்கத்தில் இரண்டு அம்புகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்ததால், முதல் தடவை அவற்றை ஒன்றாக எண்ணிவிட்டான்.

எல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் அம்புகள். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளுக்கு வரும் துணியில் ஓட்டையோ கறையோ தெரிந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவார்களே, அவை. அனுப்பர்பாளையத்தில் இருந்த அந்தக் கம்பெனியில் தினமும் சில நூறு அம்புகளாவது செலவாகும். எல்லாம் டி-ஷர்ட்டில் ஒட்டப்படும். முப்பத்தேழு வருடத்துக்கு முன்னால் அச்சான காமிக்ஸ் புத்தகத்தில் இதுவரை யாரும் ஒட்டியதில்லை.

“இது யாருங்க்கா ஒட்டுனது?” என்று இளங்கோ கேட்டான். டிபன் பாக்ஸைக் கழுவப் போன கால் மணி நேரத்தில் நடந்திருந்தது.

“நாந்தேன்,” என்றாள் பாண்டியம்மாள், கையில் இருந்த டி-ஷர்ட்டை உள்பக்கம் திருப்பியபடி.

பாண்டியம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இளம் வயதிலேயே திருப்பூருக்கு வந்தவள். செக்கிங் பிரிவில் அவள் கண்ணுக்குத் தப்பிய பழுது இல்லை என்று மேனேஜரே சொல்வார்.

“அது புஸ்தகமுங்க்கா.”

“டேபிள்ல கெடந்துச்சு. டேபிள்ல எது கெடந்தாலும் பாத்துருவேன். இல்லாட்டி ஏன் பாக்காம விட்டீகன்னு நீங்கதான வந்து நிப்பீக.”

உண்மைதான். செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர் இளங்கோ. ‘டேபிளுக்கு வந்த எதுவும் பார்க்கப்படாமல் போகக் கூடாது’ என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியவனும் அவனே. அது டேபிளுக்கு நேர் மேலேதான் இருந்தது.

“மூணாம் பக்கம் கட்டிங் கோணல். ஒம்பதாம் பக்கம் ஷேடு மாறுது. பதினேழுல பின்னு துருப்பிடிச்சுக் கறை. இருபத்தெட்டுல அந்த ஆளுக்கு ஒரு கையில ஆறு வெரலு. அந்தத் திருட்டுப் பய கண்ணுக்கட்டு ஒரு படத்துல எடது கண்ணுல இருக்கு, அடுத்த படத்துல வலது கண்ணுல இருக்கு. கடைசிப் பக்கத்துலதான் பெரிய ஃபால்ட்டு. அதையப் பாத்தீகளா?”

இளங்கோ பார்க்கவில்லை. அவன் மனதில் மகுடேஸ்வரனின் முகம் மட்டும் இருந்தது.

மகுடேஸ்வரன் லேபிள் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். ஞாயிறு காலைகளில் அவிநாசி சாலையில் ஒரு பேக்கரி மாடியில் கூடும் காமிக்ஸ் வாசகர் வட்டத்தை நடத்துபவரும் அவர்தான். யார் எதை வாசிக்கிறார்கள், யாருக்கு எந்த எழுத்தாளர் உசத்தி என்று இரண்டு மணி நேரம் பேசுவார்கள். சண்முகப்பிரியா புதிதாக வரும் கிராபிக் நாவல்களைப் பற்றிப் பேசுவாள். ஓவர்லாக் டைலர் ஆரோக்கியராஜ், கௌபாய் கதை ஒன்றை ஐந்தாம் முறையாகப் படித்துக்கொண்டிருப்பதாகச் சொல்வான். போன தடவை முடிவு மறந்துவிட்டதா என்று பிரியா கேட்பாள். மறக்கவில்லை, இந்தத் தடவையாவது குதிரை பிழைக்குமா என்று பார்க்கிறேன் என்பான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வெளிநாட்டுக் கதைகளுக்குத் தமிழில் வசனம் எழுதியவர்களில் கதிர்நேயனுக்கு இணை கிடையாது. கதிர்நேயன் யார், எந்த ஊர் என்று எவருக்கும் தெரியாது. அவர் எழுதியதில் சிகரம், ‘பன்னிரண்டாவது சிகரம்’ என்ற புத்தகம். அதன் சிகரம், கடைசிப் பக்கம்.

அந்தப் பக்கத்தில் இரண்டே படங்கள். முதல் படத்தில், அறுபது பக்கமாகக் கொலையும் கொள்ளையும் செய்துவந்த ஒற்றைக்கண் பெட்ரோ பனிப் பள்ளத்தில் கயிற்றில் தொங்குகிறான். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் அவனைத் துரத்தி வந்த சார்ஜென்ட் ஹார்லன். விழப்போகும் நேரத்தில் பெட்ரோ சொல்கிறான்: ‘எனக்காக இவ்வளவு தூரம் வந்தாயே. நன்றி, நண்பா.’ இரண்டாவது படத்தில் பெட்ரோ இல்லை. ஹார்லன் தன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் வாயிலிருந்து வருவது: ‘கயிற்றை விடாதே, முட்டாளே.’

“விழுந்து போனவனை நெனச்சுத் தன்னைத்தானே திட்டறாரு பாருங்க,” என்பார் மகுடேஸ்வரன். “கெட்டவன் நன்றி சொல்றான். நல்லவன் புத்தி பேதலிச்சு நிக்கறான். ரெண்டே வரிங்க. எந்த நாட்டு எழுத்தாளருக்கு வருமுங்க இது?” இந்த இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் அந்தப் பக்கத்தைப் போனில் காட்டியபோது, இளங்கோ தன் அண்ணனோடு பேசுவதை நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது. பெட்ரோவே நன்றி சொல்கிறான், நமக்கென்ன தடை என்று தோன்றியது. பேக்கரியிலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனான். படிக்க வைத்ததற்கு நன்றி என்றான். அண்ணன் முதலில் இவன் குடித்திருக்கிறானோ என்று முகர்ந்து பார்த்தான். பிறகு இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அதிலிருந்து எதற்கும் யாருக்கும் நன்றி சொல்வது இளங்கோவின் வழக்கமாகிவிட்டது. கம்பெனியில் அதை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

வருகிற ஞாயிறு வட்டத்தின் நூறாவது கூட்டம். கதிர்நேயனுக்கு நன்றி சொல்லும் கூட்டம் என்று முடிவாகியிருந்தது. பேச வேண்டியவன் இளங்கோ. அதற்காகத்தான் மகுடேஸ்வரன், வீட்டாரையே தொட விடாத அந்த ஒற்றைப் பிரதியை அவனிடம் கொடுத்திருந்தார்.

“ஆறாம் வகுப்புல வாங்குனது கண்ணு. யாருக்கும் குடுத்ததில்ல. உனக்குன்னு குடுக்கறேன்.”

இன்று புதன்கிழமை.

முதல் அம்பை இளங்கோ தானே பிரித்தான். நாற்பதாம் பக்கம். நகத்தால் மெதுவாக, மிக மெதுவாக. துணியிலிருந்து அம்பு அலுங்காமல் வந்துவிடும். பழைய தாள் துணி அல்ல. அம்பு வந்தது. அதோடு பெட்ரோவின் மீசையும் வந்தது.

அவன் அம்பையும் மீசையையும் பர்ஸில் வைத்துக்கொண்டு, கறை எடுக்கும் பிரிவில் மருந்து பீய்ச்சும் துப்பாக்கியோடு இருந்த செந்தில்வேலிடம் போனான்.

“இதுக்குப் போயி வெசனப்படறீங்களே,” என்றான் செந்தில்வேல். “கிரீஸ் கறையே நம்ம துப்பாக்கிக்கு நிக்காதுங்க. பசையெல்லாம் எம்மாத்தரம்?”

“தாளு கிழியாதுங்களா?”

“ஒண்ணும் ஆவாதுங்க. வெள்ளப் பனியன்ல அடிக்கறனுங்க, வெள்ளத் தாள்ல அடிக்க மாட்டனுங்களா?”

அவன் கறை நீக்கும் மருந்தை ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு முறை பீய்ச்சினான். பசை இளகி அம்பு தானாக வழுக்கி வந்தது. இருவரும் சிரித்தார்கள். பிறகு அம்பின் சிவப்புச் சாயம் கரைந்து பனிமலை முழுவதும் பரவியது. அந்தப் பக்கத்தில் கதைப்படி எவருக்கும் காயம் இல்லை. இப்போது ஒரு கிராமமே வெட்டுப்பட்ட மாதிரி இருந்தது. தாள் அப்பளம்போல் நெளிந்தது.

“ரொம்ப நன்றிங்க,” என்றான் இளங்கோ.

“இதுக்கெதுக்குங்க நன்றி. இன்னும் இருபத்திரண்டு இருக்குதுங்களே, அதையும் அடிச்சுரலாங்களா?”

“வேண்டாமுங்க.”

நெளிந்த தாளை நிமிர்த்த என்ன வழி என்று யோசித்தபோது, ஒரு பனியன் கம்பெனிக்காரனுக்குத் தோன்றக்கூடியது ஒன்றுதான். வியாழக்கிழமை காலை அயர்ன் மாஸ்டர் கன்னையனிடம் புத்தகத்தைக் கொண்டுபோனான். கன்னையன் மூடிய புத்தகத்தை மேசையில் வைத்து, மேலே ஒரு துணியை விரித்தார்.

“பெட்டியச் சும்மா ஒரு தடவை ஓட்டுனாப் போதுஞ் சாமி. கல்யாணப் பத்திரிகையாட்ட ஆயிரும்.”

“ஸ்டீம் வேண்டாமுங்க.”

“ஸ்டீம் இல்லாம மடிப்பு எப்பிடிச் சாமி எடுக்கறது?”

நீராவி புஸ்ஸென்று வந்தது. புத்தகம் நிமிர்ந்தது, அதில் கன்னையனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மீதி இருந்த இருபத்திரண்டு அம்புகளின் பசையும் சூட்டில் உருகித் தாளுக்குள் இறங்கிவிட்டது. நேற்று வரை அவை ஒட்டப்பட்டிருந்தன. இனி அவை அச்சடிக்கப்பட்டவை மாதிரி. இளங்கோ தடவிப் பார்த்தான். விளிம்பே தட்டுப்படவில்லை.

“நூறு தடவை வாஷ் பண்ணுனாலும் போவாதுங்க இனி,” என்றார் கன்னையன் பெருமையாக.

“நன்றிங்க மாஸ்டர்.”

வெள்ளிக்கிழமை மதிய உணவு நேரத்தில் ஆரோக்கியராஜுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான். ஆரோக்கியராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், எதற்கும் அசராதவன்.

“இதுக்கா மூணு நாளு முழிச்சிட்டு இருந்த? வேற ஒரு காப்பி வாங்கி வச்சிருவோம்ல. உடுமலைப்பேட்டையில பெருமாள்சாமின்னு ஒரு பழைய புஸ்தக ஏவாரி இருக்காரு. நான் கேக்கேன். ஒம் பேரு வெளிய வராது.”

“நன்றி ஆரோக்கியம்.”

“நன்றிய ஞாயித்துக்கெழம சொல்லு.”

அரை மணி நேரத்தில் இளங்கோவின் போன் அடித்தது. மகுடேஸ்வரன்.

“கண்ணு, ஒரு சேதி. நம்ம புஸ்தகத்தை எவனோ வலை போட்டுத் தேடறானாமா. உடுமலையில இருந்து பெருமாள்சாமி இப்பத்தான் கூப்புட்டாரு. தமிழ்நாட்டுலயே ஒரு காப்பிதான் இருக்குது, அது உங்ககிட்டத்தான் இருக்குது, குடுப்பீங்களான்னு கேக்கறாரு.”

இளங்கோ போனை மறு காதுக்கு மாற்றினான். “நீங்க என்னங்கண்ணா சொன்னீங்க?”

“எங்கிட்டவே இல்ல, அதைய விடப் பத்தரமான எடத்துல இருக்குதுன்னேன்.” மகுடேஸ்வரன் சிரித்தார். “ஜாக்கிரதை கண்ணு. எவனா இருந்தாலும் உன்னையத் தேடிக்கூட வருவான். புஸ்தகத்தை வெளிய எடுக்காத. சரியா?”

“சரிங்கண்ணா. நன்றிங்கண்ணா.”

“நாந்தான் உனக்கு நன்றி சொல்லோணும். நம்பிக் குடுக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல.”

இளங்கோ பாதிச் சாப்பாட்டோடு டிபன் பாக்ஸை மூடி வைத்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த மனிதர் தன்னைக் கண்ணு என்று கூப்பிடப் போவதில்லை. பேக்கரி மாடிக்கு ஏறவும் தனக்கு முகம் இருக்காது. அதுதான் அவனுக்குப் பெரிதாகப் பட்டது.

சனிக்கிழமை அவன் ஒரு முழுத் தாளில் எல்லாவற்றையும் எழுதினான். பக்க எண், பழுது, ஒட்டியவர், கெடுத்தவர். கெடுத்தவர் என்ற பகுதியில் எல்லா வரியிலும் தன் பெயரையே போட்டான். செந்தில்வேலும் கன்னையனும் உதவி செய்தவர்கள். அவர்களை எப்படிச் சேர்ப்பது?

பாண்டியம்மாள் எட்டிப் பார்த்தாள். “ரிப்போர்ட்டா?”

“நாளைக்குப் புஸ்தகத்துக்காரருகிட்டக் குடுக்கோணுங்க்கா.”

“ஏசுவாரோ?”

“தெரியலீங்க்கா. பேசாம இருந்துட்டாருன்னாத்தான் பயமா இருக்குது.”

அவள் கொஞ்ச நேரம் அம்புச் சுருளைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். “நான் ஒட்டுனதுக்கு நீங்க எதுக்கு ஏச்சு வாங்கணும்? நானும் வாரேன். எத்தனை மணிக்கு?”

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பேக்கரி மாடியில் ‘கதிர்நேயன் அவர்களுக்கு நன்றி’ என்று பேனர் கட்டியிருந்தது. மகுடேஸ்வரன் தன் கடையிலேயே அச்சடித்தது. சட்டை லேபிள் போலப் பளபளப்பாக, ஓரத்தில் தங்கக் கோடு. ஆரோக்கியராஜ் இளங்கோவின் முகத்தைப் பார்க்காமல் பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தான். பாண்டியம்மாள் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரியா அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள்.

இளங்கோ புத்தகத்தையும் தாளையும் மகுடேஸ்வரன் முன் வைத்தான். “அண்ணா, மொதல்ல இதையப் படிச்சிருங்க. அப்புறம் புஸ்தகத்தைத் தொறங்க.”

மகுடேஸ்வரன் முதலில் புத்தகத்தைத்தான் திறந்தார்.

மூன்றாம் பக்கத்தைப் பார்த்தார். ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தார். கீழே பேக்கரியில் யாரோ தேங்காய் பன் கேட்டது மாடி வரை வந்தது.

நாற்பதாம் பக்கத்தில் அவர் நிமிர்ந்தார். “பெட்ரோவோட மீசை எங்க?”

“ஸ்டிக்கரோட வந்துருச்சுங்கண்ணா.” இளங்கோ பர்ஸை எடுத்தான். “பத்தரமா வெச்சிருக்கறனுங்க.”

மகுடேஸ்வரன் அம்பைத் திருப்பி, அதன் பின்னால் ஒட்டியிருந்த மீசையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இந்தப் பனியெல்லாம் ரத்தம்?”

“அம்புச் சாயமுங்க.”

“கதைக்குப் பொருத்தமாத்தான் இருக்கு,” என்றான் ஆரோக்கியராஜ். மகுடேஸ்வரன் திரும்பிப் பார்த்ததும் மறுபடி பஃப்ஸுக்குத் திரும்பினான்.

அவர் இப்போதுதான் தாளை எடுத்தார். ஒரு விரல் தாளில், ஒரு விரல் புத்தகத்தில். இருபத்தெட்டாம் பக்கத்துக்கு வந்து ஹார்லனின் கையை உதட்டை அசைத்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“பிரியா, இங்க வா. இது எத்தனை வெரலு?”

“ஆறு.”

“முப்பத்தேழு வருசமாப் பாத்துட்டு இருக்கறேன். எனக்குத் தெரியல.” அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். “கண்ணுக்கட்டும் மாறித்தான் இருக்குது.” இன்னொன்று. “இங்கயும் கரெக்ட்டாத்தான் சொல்லியிருக்குது.” அவர் குரலில் கோபம் வர வேண்டிய இடத்தில் ஏதோ மரியாதை வந்தது. லேபிள் அச்சடிப்பவர்; பழுது பார்க்கும் கண்ணுக்கு என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரியும். “யாருங்க இதைச் செக் பண்ணுனது?”

“நாந்தேன் சார்,” என்றாள் பாண்டியம்மாள்.

“நீங்க எங்க கடைக்கு வந்தீங்கன்னா நான் பாதி லேபிளைக் கீழதான் போடோணும்.” அவர் இளங்கோவைப் பார்த்தார். “ஏங் கண்ணு, போனடிச்சுச் சொல்லியிருக்கலாமில்ல?”

கண்ணு என்றுதான் சொன்னார். இளங்கோ நிமிர்ந்து அவரைப் பார்த்தான். “நன்றிங்கண்ணா,” என்றான்.

அப்போதுதான் மகுடேஸ்வரன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

பெட்ரோவின் பேச்சின் மேல் ஓர் அம்பு. ஹார்லனின் பேச்சின் மேல் ஓர் அம்பு. அவர் முகம் மாறியது. மீசை போனதற்கும் ரத்தம் வந்ததற்கும் மாறாத முகம்.

“இது எதுக்குங்க?” என்றார். “மத்ததெல்லாம் சரிங்க, ஒத்துக்கறேன். இந்தப் பக்கத்துல என்ன தப்பு இருக்குதுங்க?”

பாண்டியம்மாள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

பிரியா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “அக்கா, உங்களுக்குக் கதை தெரியாததால அப்படித் தோணியிருக்கும். அந்த ஆளு செத்ததைத் தாங்க முடியாம, இவரு தன்னைத்தானே முட்டாள்னு திட்டிக்கறாரு. கையில கயிறு இல்லாதப்போ கயித்தை விடாதேன்னு சொல்றாரு. அதுதான் கதிர்நேயன்.”

“பத்து வருசம் தவம் இருந்தாலும் இன்னொருத்தருக்கு வராதுங்க,” என்றார் மகுடேஸ்வரன். “எங்கப்பா தவறுனப்போ, ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டமேன்னு நான் இந்தப் பக்கத்தைத்தானுங்க வெச்சுட்டு உக்காந்திருந்தேன். இதுல போயி அம்பை ஒட்டியிருக்கறீங்களே.”

“இதைப் படிச்சிட்டுத்தாங்க்கா நான் எங்க அண்ணங்கூடப் பேசுனேன்,” என்றான் இளங்கோ. பாண்டியம்மாளைக் கூட்டி வந்து இப்படி நிறுத்திவிட்டோமே என்று அவனுக்கு வருத்தமாக இருந்தது. “ஏழு மாசம் பேசாம இருந்தனுங்க.”

“இந்தப் பக்கத்தைப் படிச்சா?” என்று பாண்டியம்மாள் கேட்டாள்.

“ஆமாங்க்கா.”

“நெசமாவே பேசுனீகளா?”

“இன்னிக்குக் காலைலகூட அங்கதாங்க சாப்புட்டு வந்தேன்.”

அவள் பேனரைப் பார்த்தாள். மகுடேஸ்வரனைப் பார்த்தாள். புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்த இரண்டு அம்புகளையும் விரலால் தடவினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது. முந்தானையால் இரண்டையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள்.

“நல்லா இருங்க எல்லாரும்,” என்றாள். “அன்னிக்கு பிரஸ்ல இந்தப் புஸ்தகத்துக்கு வசனத்த ஒட்டுறப்ப, குதிரைக்குச் சொன்ன நன்றியை எடுத்து இந்தத் திருட்டுப் பய வாயில மாத்தி ஒட்டிப்புட்டேன்னுதான என்னைய அந்த பிரஸ்ஸ விட்டே அனுப்புனாக.”